துப்பறிவாளரும் மாமாவின் பதினொரு நாளும்

நாற்பதைத் தொடப்போகும் என் வயதுக்காரர்களே, நாங்கள் எல்லோரும் சின்ன வயதிலேயே உத்தியோகம் பார்த்தவர்கள். வீட்டுக்கு வரும் ஜெர்மன் கடிதங்களைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, அம்மா அப்பாவுக்குத் தமிழில் சொல்லுகிற உத்தியோகம். வாடகை, காப்புறுதி, பள்ளிக்கூடம், விசா. "என்னவாம்?" என்று கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்லுவோம். தெரியாத இடத்தில் எங்கள் கைச்சரக்கையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லுவோம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அரசாங்க ஜெர்மன் எவ்வளவு விளங்கும் என்று யாரும் யோசித்ததில்லை. நாங்களும் யோசித்ததில்லை.

இன்று என் மகள் தபால்பெட்டியைத் திறந்து கடிதத்தோடு வந்தால், உறை கிழியமுதல் அவள் கையிலிருந்து வாங்கிவிடுகிறேன். "என்னம்மா, விளம்பரம்தானே" என்று சிரிக்கிறாள். விளம்பரமாக இருந்தாலும் கடைசி வரிவரைக்கும் வாசித்தபிறகுதான் திருப்பிக் கொடுப்பேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நல்லபடியாக முடிந்த காரணம் என்பதால்தான் எழுதத் துணிகிறேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கம், லுசேர்ண், ஒரு மாரிகாலம். அப்பா ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் வேலை. அம்மா காலையில் ஒரு பல்வைத்தியரின் கிளினிக்கைத் துப்புரவு செய்வா. எங்கள் மூன்று அறை வீட்டின் சோஃபாவில் மாமா படுத்தார். அம்மாவின் தம்பி. ஊரில் தபால் கந்தோரில் வேலை செய்தவர். இரண்டு தரம் பிடித்துக்கொண்டு போய் அடித்து விட்டபிறகு ஊரைவிட்டு வெளிக்கிட்டு, பல நாடுகள் சுற்றி இங்கே வந்து தஞ்சம் கேட்டிருந்தார். இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார்கள். முடிவுக்காக ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தோம். 

அந்த மாரியில் அப்பாவின் ஹோட்டலில் பழைய வாசிப்பறையை இடித்துப் புதுப்பித்தார்கள். ஒரு காலத்தில் கோடை முழுக்க வந்து தங்கிய ஆங்கிலேயக் குடும்பங்கள் விட்டுப்போன புத்தகங்கள் அங்கே கிடந்தன. எல்லாம் பழைய பேப்பரோடு போக இருந்தது. அப்பா ஒரு கட்டைத் தூக்கிவந்து மேசையில் போட்டார். "இங்கிலீசு படிக்கட்டும்" என்றார்.

அவை புத்தகங்களே அல்ல. ஆங்கிலேயப் பையன்களுக்காக வாராவாரம் வந்த கதைச் சஞ்சிகைகள். மெல்லிய தாள், பழுப்பேறிப்போய் ஓரம் தொட்டால் உதிரும். எழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல. அட்டையில் எப்போதும் யாரோ ஒருவர் கூரையிலிருந்து விழுந்துகொண்டிருப்பார். ஈரமான சாக்கும் பழைய புகையிலையும் கலந்த ஒரு மணம். எல்லாவற்றிலும் ஒரே துப்பறிவாளர். அவருக்கு உதவிக்கு ஒரு பொடியன். ஒவ்வொரு வாரமும் புதிய குற்றம்.

எனக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறும். மாமாவுக்கு நன்றாக வரும். பின்னேரங்களில் சோஃபாவில் பக்கத்தில் இருத்தி வாசித்து, வாசிக்க வாசிக்கத் தமிழில் சொல்லுவார். லண்டன் பனிப்புகாரில் ஓடும் குதிரை வண்டிகள் எல்லாம் மாமாவின் வாயில் யாழ்ப்பாணத் தமிழ் பேசின. "அடேய், நில்லடா அங்கை!" என்று துப்பறிவாளர் கத்துவார். வில்லன் "உன்னாலை ஏலுமெண்டால் பிடியடா" என்பான். உதவிப் பொடியனின் இடத்தில் நான் என்னை வைத்துக்கொண்டேன். பெட்டைகளுக்கு அந்தக் கதைகளில் கட்டிப்போடப்பட்டு அழுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

நான் ஒரு கொப்பி வைத்திருந்தேன். அதில் துப்பறிவாளரைப் பற்றிய பிழைகளை எழுதினேன். ஒன்றில் அவர் மதுவே தொடமாட்டார், இன்னொன்றில் கண்ணாடிக் குவளையோடு இருக்கிறார். ஒன்றில் நீச்சல் தெரியாது, இன்னொன்றில் ஆற்றுக்கு அடியால் போகிறார். முதல் சஞ்சிகைக்கும் கடைசிச் சஞ்சிகைக்கும் இடையில் முப்பது வருடம். அவருக்கு ஒரு நரை இல்லை.

"மாமா, இந்தாள் பொய் சொல்லுறார்."

"அவர் என்ன செய்வார் பிள்ளை? இது ஒராள் எழுதினதில்லை. ஒரு கை களைக்க மற்றக் கை வாங்கி எழுதியிருக்கு. முந்தினவன் என்ன எழுதினவன் எண்டு பிந்தினவன் பாக்கேல்லை."

"அப்ப வாசிச்ச ஆக்கள் கண்டுபிடிக்கேல்லையோ?"

"கண்டுபிடிச்சிருப்பினம். அடுத்த கிழமைக் கதை வேணுமெல்லோ, பேசாமல் இருந்திருப்பினம்."

சனவரி நடுப்பகுதியில் அந்தக் கடிதம் வந்தது. ஆறு பக்கம். அப்பா, அம்மா, மாமா மூவரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். நான் வாசித்தேன். மாமா முதல் விசாரணையில், தன் தகப்பன் பெப்ரவரி பதினோராம் திகதி இறந்ததாகவும், ஓராண்டு நினைவுச் சடங்கை முடித்துவிட்டு மறுநாள் ஊரைவிட்டுப் புறப்பட்டதாகவும் சொல்லியிருக்கிறார். இரண்டாம் விசாரணையில், புறப்பட்டது பெப்ரவரி முதலாம் திகதி என்று சொல்லியிருக்கிறார். ஓராண்டு நிறைவதற்குப் பத்து நாள் முன்பே ஓராண்டுச் சடங்கை முடித்துவிட்டு ஒருவர் எப்படிப் புறப்பட முடியும்? ஆகவே அவருடைய கூற்றுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஆகவே மிச்சக் கதையையும் நம்புவதற்கில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. முறையீடு செய்ய முப்பது நாள்.

இதெல்லாம் நான் இப்போது, அந்தக் கடிதத்தை வளர்ந்தபிறகு மறுபடி வாசித்ததால் எழுதுகிறேன். அன்றைக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "அம்மப்பா செத்த திகதியள் பிழையாம். மாமா பொய் சொன்னவராம். திரும்பிப் போகட்டாம்."

மாமா எழும்பிப்போய்ப் பல்கனிக் கதவருகில் நின்றார். அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்தினா. அப்பாதான் கேட்டார், மாமாவிடமல்ல, அம்மாவிடம்: "தகப்பன் செத்த நாளை வைச்சே பொய் சொல்லுறதோ? என்ன பிறவி இது?"

அடுத்த மூன்று கிழமையும் அப்பா மாமாவோடு கதைக்கவில்லை. முறையீடு பற்றி அம்மா தொடங்கினால், "பொய்யெண்டு கண்டுபிடிச்சிட்டாங்கள். இனி என்னத்தை எழுதிறது?" என்று முடித்துவிடுவார். தன் மேலாளரிடம் சொல்லி மாமாவுக்குப் பாத்திரம் கழுவும் வேலை ஒன்றைப் பேசிவைத்திருந்தவர் அவர். வெட்கம்தான் அவரை அப்படிக் கதைக்க வைத்தது என்று இப்போது விளங்குகிறது. அந்த மனிதருக்குத் தன் மச்சானிடம் ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை. எனக்கும்தான்.

நான் கேட்காமல் துப்பறியத் தொடங்கினேன். கொப்பியில் புதிய பக்கம் திருப்பி, மேலே "மாமா" என்று எழுதினேன். எத்தனை மணிக்கு வெளியே போனார், எத்தனை மணிக்கு வந்தார், யாரோடு தொலைபேசியில் கதைத்தார். கதை வாசிப்பதை நிறுத்திவிட்டோம். அவர் கூப்பிட்டபோது வீட்டுப்பாடம் இருக்கிறது என்றேன்.

பெப்ரவரி ஏழாம் திகதி, வியாழக்கிழமை. லுசேர்ணில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஃபஸ்நாக்ட் என்கிற முகமூடித் திருவிழா தொடங்குகிற நாள். பள்ளிக்கூட விடுமுறை. விடியமுதலே வெடி, பிறகு ஊர் முழுக்க முகமூடிகளும் பித்தளை வாத்தியங்களும். அம்மா காலையிலேயே அரிசியும் மரக்கறியும் சமைத்து, ஒரு பெட்டியில் போட்டு, சத்தமில்லாமல் மாமாவின் கையில் கொடுத்ததைக் கண்டேன். மாமா அதை ஒரு பைக்குள் மறைத்துக்கொண்டு வெளிக்கிட்டார். 

எனக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது. கைவேலைப் பாடத்தில் பழைய பேப்பரும் பசையும் ஒட்டிச் செய்த சூனியக்காரி முகமூடி என்னிடம் இருந்தது. மூக்கு ஒரு முழம். அதை மாட்டிக்கொண்டு பின்கதவால் அதே பஸ்ஸில் ஏறினேன். பஸ்ஸில் பாதிப்பேர் முகமூடியோடு இருந்தார்கள். துப்பறிவாளருக்குக்கூட இப்படியொரு வசதி வாய்த்ததில்லை. முகமூடிக்குள் என் மூச்சு சுட்டது, பசை மணத்தது.

சத்தம் ஓய்ந்த ஓர் ஏரிக்கரையில் மாமா இறங்கினார். நான் ஒரு படகு மூடிய தார்ப்பாயின் பின்னால் ஒளிந்தேன். அவர் சப்பாத்தைக் கழற்றினார். காலுறையையும் கழற்றினார். அந்தக் குளிரில் கணுக்கால் தண்ணீரில் இறங்கி நின்றார். சட்டைப் பையிலிருந்து கறுப்பாக ஏதோ எடுத்து, தண்ணீரோடு சேர்த்து, விரல்களுக்கு இடையால் ஏரிக்குள் விட்டார். மூன்று தரம். பிறகு பெட்டியைத் திறந்து சோற்றை ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு மேலே பார்த்துக்கொண்டு நின்றார். காகம் ஒன்றும் வரவில்லை. வாத்துகள் வந்தன. பிறகு ஓர் அன்னம் வந்து வாத்துகளைத் துரத்திவிட்டு எல்லாவற்றையும் தின்றது.

நான் கொப்பியில் எழுதினேன்: "பத்து மணி ஐந்து. கறுப்புப் பொருள். ஏரிக்குள் போட்டு அழித்தார்."

"குளிருது பிள்ளை," என்றார் மாமா, திரும்பிப் பார்க்காமலே. "அந்த மூஞ்சையைக் கழட்டிப்போட்டு வா."

முகமூடியைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன். "எப்பிடி மாமா தெரியும்?"

"மூஞ்சையை மாத்தினனீ, சப்பாத்தை மாத்தேல்லை. எங்கடை ஆள் இப்பிடியொரு பிழை விடுவாரே?"

கிட்டப் போனேன். அவருடைய பாதங்கள் சிவந்துபோயிருந்தன. என் சப்பாத்தில் அந்தக் கறுப்புப் பொருளில் கொஞ்சம் ஒட்டியது.

"இது என்ன?"

"எள்ளு. இண்டைக்கு ஐயாவின்ரை திவசம். வீட்டிலை செய்தால் அத்தானுக்கு ஏதும் சொல்ல வரும். அதுதான் இஞ்சை வந்தனான்."

நான் கொப்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிடித்துவிட்டேன் என்று ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது. அதை மறைக்கமாட்டேன். "அம்மப்பா செத்தது பெப்ரவரி பதினொண்டு எண்டெல்லோ கடிதத்திலை கிடக்கு? இண்டைக்கு ஏழாந் திகதி."

"ஓம். அதுக்கென்ன? திவசம் திகதி பாத்து வாறேல்லைப் பிள்ளை. அவர் செத்த அண்டைக்கு நிலா எவ்வளவு தேஞ்சு நிண்டுதோ, அதே மாசத்திலை அதே அளவு தேஞ்சு நிக்கிற நாள்தான் திவசம். ஒரு வருசம் முந்தும், ஒரு வருசம் பிந்தும்."

"அப்ப முதலாம் வருசம் செய்தது?"

"ஆட்டைத்திவசமோ? அது பதினொரு நாள் முந்தி வந்தது. சனவரி முப்பத்தொண்டு. ஐயரைக் கூப்பிட்டுச் செய்து முடிச்சுப்போட்டு, அடுத்த நாள் காலமை வெளிக்கிட்டனான்."

சனவரி முப்பத்தொன்றுக்கு அடுத்த நாள் பெப்ரவரி ஒன்று. அவர் இரண்டு முறையும் ஒரே கதையைத்தான் சொல்லியிருக்கிறார். நான் கொப்பியை மூடினேன்.

"மாமா, இதை அவையளுக்குச் சொன்னனீங்களோ?"

"அவையள் கேக்கேல்லையே. ஐயா எப்ப செத்தவர் எண்டு கேட்டினம், சொன்னன். நீ எப்ப வெளிக்கிட்டனீ எண்டு கேட்டினம், சொன்னன். திவசம் இப்பிடித்தான் வரும் எண்டது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தானே?"

இருபது வருடம் கடிதங்களில் திகதி முத்திரை குத்திய மனிதர். திகதி தெரியாதவர் என்று அவருக்கு எழுதியிருந்தார்கள். அதை நான் பொய்யர் என்று வாசித்திருந்தேன்.

திரும்பி வந்தபோது எங்கள் கட்டடத்தின் பராமரிப்பாளர், ஹவுஸ்வார்ட், படிக்கட்டில் சிந்திய வண்ணக் காகிதத் துகள்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். "இந்த வருடம் ஃபஸ்நாக்ட் இவ்வளவு வெள்ளென வந்துவிட்டது, போன வருடம் மாதக் கடைசியில்தான் வந்தது" என்று தும்புக்கட்டையிடம் முறையிட்டார். ஏன் மாறுகிறது என்று கேட்டேன். ஈஸ்டரைப் பார்த்து வருகிறது, ஈஸ்டர் முழுநிலவைப் பார்த்து வருகிறது, இது தெரியாதா உனக்கு என்றார். நான் மாமாவுக்குத் தமிழில் சொன்னேன்.

மாமா படியிலேயே நின்றுவிட்டார். மூன்று கிழமைக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்தார். "அப்ப இவையளும் நிலாவைப் பாத்துத்தான் கூத்தாடுகினம்!"

மேலே கதவு திறந்தபடி கிடந்தது. வீட்டில் யாரும் இல்லை. கால்மணி நேரம் கழித்து அம்மா வந்தா, தலை விரிந்து, கிளினிக் அங்கியோடு. வேலை முடிந்து வந்து, நானும் முகமூடியும் இல்லாததைக் கண்டு பழைய நகருக்குள் ஓடியிருக்கிறா. என் உயரத்தில் சூனியக்காரி முகமூடியோடு கண்ட பிள்ளைகளையெல்லாம் பிடித்து, முகமூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்திருக்கிறா. ஒரு தகப்பன் ஏசினாராம். என்னைக் கண்டதும் ஓங்கி ஓர் அறை. பிறகு அதே கையால் இழுத்து அணைத்துக்கொண்டு தரையில் இருந்துவிட்டா. அப்போது அறைதான் வலித்தது. என் மகள் பள்ளிக்கூடத்தால் பத்து நிமிடம் பிந்தினால், நான் இப்போது யன்னலில் நின்றுகொண்டு அந்த முகமூடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கிறேன்.

மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடைப்பட்ட ஓய்வில் அப்பா வந்தார். நான் மேசையில் கடிதத்தை விரித்து முதலிலிருந்து சொன்னேன். கடைசியில், "கடிதத்திலை பொய் எண்டு இல்லை அப்பா. பொருந்தேல்லை எண்டுதான் கிடக்கு. பொய் எண்டது நான் சொன்னது" என்றேன்.

அப்பா கடிதத்தை மடித்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். "ஏன்ரா, வாயைத் துறந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லோ?"

"நீங்கள் கேக்கேல்லையே அத்தான்."

முப்பது நாளில் எட்டு நாள்தான் மிச்சம். ஃபஸ்நாக்டில் ஹோட்டல் நிரம்பி வழிகிற வெள்ளிக்கிழமை, அப்பா தன் மேலாளரிடம் கெஞ்சி அரைநாள் லீவு எடுத்து வின்டர்தூருக்கு ரயில் ஏறினார். அங்கே அவருக்குத் தெரிந்த ஒருவர் பழைய பஞ்சாங்கம் ஒன்றையும் எறியாத மனிதர். வேண்டிய வருடங்களின் பஞ்சாங்கங்களைக் கோட்டுக்குள் வைத்து, பிள்ளையைத் தூக்கிவருவதுபோலக் கொண்டுவந்தார். அகதிகளுக்கு உதவும் ஆலோசனை நிலையமோ திங்களும் செவ்வாயும் ஃபஸ்நாக்டுக்காகப் பூட்டு. புதன்கிழமை கதவு திறக்கமுதல் நாங்கள் நால்வரும் வாசலில் நின்றோம்.

சட்டம் படித்த இளம் பெண் ஒருத்தி இருந்தாள். தலைமுடியில் இன்னும் வண்ணக் காகிதம் ஒட்டியிருந்தது. நான் பஞ்சாங்கத்தை விரித்து, நிலவு தேய்வதைக் கையால் காட்டி, என் பள்ளிக்கூட ஜெர்மனில் விளக்கினேன். அவள் நெற்றியைச் சுருக்கினாள். நான் திணறி, "உங்கள் ஃபஸ்நாக்ட் போல" என்றேன்.

அவள் பேனையைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிந்தபோது கண் கலங்கியிருந்தது. "இதை அவரிடம் ஒருவரும் கேட்கவில்லையா?" என்றாள்.

முறையீடு வியாழக்கிழமை பதிவுத் தபாலில் போனது. தபால் கந்தோரில் மாமா கண்ணாடிக்கு மேலால் எட்டி, முத்திரை விழுவதைக் கவனித்தார். "மை வடிவாப் பிடிச்சிருக்கு" என்றார்.

பிறகு காத்திருந்தோம். அந்த வசந்தத்தில் அம்மா சஞ்சிகைகளை எல்லாம் சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, பழைய பேப்பர் எடுக்கிற நாளில் தெருவோரம் வைத்துவிட்டா. இந்த நாட்டில் அம்மா முதலில் திறமாகப் பழகிய வேலை அந்தக் கட்டுத்தான், வெள்ளைக்காரர்களுடையதைவிட அவவின் கட்டு இறுக்கம். "அதை வாசிச்சுத்தான் பெட்டை ஆக்களுக்குப் பின்னாலை திரியிறாள்" என்று அப்பாவுக்குச் சொன்னா. இங்கே பழைய பேப்பரைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முறைவைத்துச் சேகரிப்பார்கள், அன்று எங்கள் வகுப்பின் முறை. வண்டியில் ஏற்றியபோதுதான் கண்டேன். ஆசிரியர் அவசரப்படுத்தினார். கூரையிலிருந்து விழுந்துகொண்டிருந்த ஒரு மனிதரின்மேல் பத்திரிகைக் கட்டுகள் விழுந்தன.

கனகாலத்துக்குப் பிறகு தேடி அறிந்தேன். மாமா சொன்னது சரி. அந்தத் துப்பறிவாளரை எத்தனையோ பேர், எத்தனையோ வருடமாக, மாறி மாறி எழுதியிருக்கிறார்கள். அவர் ஒவ்வொரு வாரமும் தன்னைத்தானே மறுத்தார், பையன்கள் ஒவ்வொரு வாரமும் அவரை நம்பினார்கள். ஒரே வாயால், ஒரே கதையைச் சொன்ன மாமா பதினொரு நாளில் விழப் பார்த்தார். ஓர் எள்ளு என் சப்பாத்தில் ஒட்டாமல் போயிருந்தால், நான் வேறு நாளில் தொடர்ந்திருந்தால் என்று மனம் போகும். போகவிடாமல் அடுத்ததை எழுதுகிறேன்.

இலையுதிர் காலத்தில் கடிதம் வந்தது. அப்பா உறையைக் கத்தியால் கீறி என்னிடம் நீட்டினார். "அவசரப்படாதை. ஒவ்வொரு சொல்லாய் வாசி. தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லு" என்றார். நான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். முறையீடு ஏற்கப்படுகிறது. முதல் முடிவு இரத்து. மாமா இங்கே இருக்கலாம்.

அம்மா அழுதா. அப்பா சமையலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். மாமா மட்டும் அசையவில்லை.

"பிள்ளை, ஐயாவைப் பற்றி என்ன எழுதியிருக்கினம்?"

தேடினேன். இரண்டாம் பக்கத்தில் இருந்தது. "விண்ணப்பதாரியின் தகப்பன் பெப்ரவரி பதினோராம் திகதி இறந்தார்" என்று வாசித்தேன். "சொன்னாராம்" என்று இல்லை. இறந்தார்.

"அப்பிடியே போட்டிருக்கோ?"

"ஓம் மாமா."

"இன்னொருக்கால் வாசி."

வாசித்தேன். அப்பா குழாயைப் பூட்டிவிட்டு வந்து, ஈரக் கையோடு மாமாவுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"எனக்கும் வாசி," என்றார்.